யந்திரம் வாங்கும் முன் வழியைப் பாருங்கள்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகி வருகின்ற ஓர் எண்ணுக்கு இன்று இருக்கின்ற அதிகாரம் சாமானியமானதன்று. அந்த எண்ணைப் பார்த்துத்தான் சர்க்கரை நோயாளியின் மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை இரவோடு இரவாகச் சேலத்துக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்வதா என்று தாய் தகப்பன் முடிவு செய்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதும், குறித்த நாளைத் தள்ளி வைப்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். இத்தனை பெரிய அதிகாரத்தை ஒரு காகிதத்துக்குக் கொடுத்திருக்கிற நாம், அந்தக் காகிதம் நம் கைக்கு வந்து சேருவதற்கு முன் அதற்கு ஆதாரமான ரத்தம் எத்தனை கைகளைக் கடந்து, எங்கெங்கே காத்துக்கிடந்து, எந்தெந்த வெயிலில் அலைந்தது என்று விசாரிக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த விசாரணையைச் சிரத்தையோடு செய்வதற்குச் செலவில்லாத சாதனம் ஒன்று இருக்கிறது என்பதையும், நம் ஊர்ப்பக்கத்து ஆய்வுக்கூடங்கள் அதைத் தாமதமின்றிக் கைக்கொள்ள வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்ககிரியை அறிந்தவர்களுக்கு இவ்வூரின் வாழ்க்கை விதம் தெரியும். மலைக்கோட்டையின் அடிவாரத்தில், சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, பெருஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டி அமைந்த இவ்வூரில் லாரித் தொழிலும் சிமெண்டுத் தொழிலும், சுற்று வட்டாரத்தில் விசைத்தறியும் விவசாயமும் ஜனங்களுக்குச் சோறு போடுகின்றன. இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு விடியற்காலையில் வண்டியை விட்டு இறங்குகிறவரும், இரவு ஷிப்டு முடிந்து தறிப்பட்டறையிலிருந்து வெளியே வருகிறவரும், காட்டுவேலைக்குப் போகும் முன் இதை முடித்துவிடலாம் என்று முதல் பஸ் பிடித்து வருகிறவரும் காலை ஆறரை மணிக்கெல்லாம் லேப் வாசலில் வந்து நிற்கிறார்கள். சாதாரணப் பரிசோதனைகள் உள்ளூரிலேயே நடந்துவிடுகின்றன. தைராய்டு முதலான மற்றவற்றுக்கு, சில இடங்களில் சர்க்கரைக்கும் சிறுநீரகப் பரிசோதனைக்கும்கூட, சாம்பிள் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ பிரயாணம் செய்கிறது. ரத்தம் எடுக்கிற இடம் ஒன்று, பரிசோதிக்கிற இடம் வேறொன்று, ரிப்போர்ட் வாங்குகிற இடம் மற்றொன்று என்று ஆகிவிட்ட இக்காலத்தில், இவ்விடங்களுக்கு நடுவில் நிகழ்வது என்ன என்று பார்ப்பதற்கு எவரும் நியமிக்கப்படவில்லை.

பரிசோதனை தவறிப்போனால் யந்திரம் பழசு என்பார்கள். அல்லது டெக்னீசியனுக்குத் தொழில் தெரியவில்லை என்பார்கள். இவ்விரு அபிப்பிராயங்களும் எத்தனை தூரம் உண்மை என்பதை இத்தாலி தேசத்தின் பதுவா நகரத்தில் இரண்டு நிபுணர்கள் அளந்து பார்த்தார்கள். பிளெபானி, கராரோ என்ற அவ்விருவரும், அங்குள்ள மருத்துவமனையின் அவசரப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று மாத காலத்தில் நடந்த 40,490 பரிசோதனைகளைப் பின்தொடர்ந்து, நேர்ந்த பிழைகள் 189 என்று கணக்கெடுத்து, ஒவ்வொரு பிழையும் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று பிரித்து 1997இல் வெளியிட்டார்கள். யந்திரத்தில் வைத்துப் பரிசோதிக்கிற கட்டத்தில் நேர்ந்தவை நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே. யந்திரத்தை அடைவதற்கு முன்பே நேர்ந்துவிட்டவை அறுபத்தெட்டுப் பங்கு. முடிவு கிடைத்த பிறகு அதை எழுதுவதிலும் சேர்ப்பிப்பதிலும் நேர்ந்தவை ஏறக்குறையப் பதினெட்டுப் பங்கு. பத்தாண்டு கழித்து அதே கூடத்தை மறுபடியும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டபோது, ஆயிரத்துக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த பிழை மூன்றாகக் குறைந்திருந்தது. ஆயினும் அந்தப் பிழைகளிலும் யந்திரக் கட்டத்தின் பங்கு நூற்றுக்குப் பதினைந்துதான். செல்வமும் பயிற்சியும் மிகுந்த ஒரு தேசத்து ஆய்வுக்கூடத்திலேயே பிழையின் பெரும்பகுதி யந்திரத்துக்கு வெளியே, வழியில்தான் நேர்கிறது என்றால், நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸிலும் பைக்கிலும் சாம்பிள் போகின்ற நம் ஊர்களில் அந்த வழியைப் பற்றி நாம் எத்தனை கவலைப்பட வேண்டும்!

ஒரு சாம்பிளோடு கூடவே நாமும் நடந்து பார்ப்போம். கிராமத்திலிருந்து வந்த செல்லம்மாள் என்ற மூதாட்டி கையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் பெயர் மாத்திரம் இருக்கிறது; இனிஷியல் இல்லை; வயது கேட்டால் அறுபது இருக்கும் என்கிறார். செல்லம்மாள், பழனிசாமி, முருகேசன் என்ற பெயர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருப்பதால், அதே காலையில் அதே பெயரில் இன்னொருவர் வந்திருப்பது அதிசயமான காரியம் அன்று. நரம்பு கிடைக்காமல் கையில் ரப்பர்க் கயிற்றைக் கட்டியபடியே இரண்டு மூன்று நிமிஷம் தேடுகிறார்கள். கட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் கட்டிய இடத்துக்குக் கீழே ரத்தம் கெட்டிப்பட்டு, புரதம் முதலான சில அளவுகள் ஏறிக் காட்டும். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமலே ட்யூபுக்குள் வேகமாகப் பீய்ச்சும்போது சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கின்ற பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. உடம்பில் சரியாக இருந்த பொட்டாசியம் சீட்டில் அபாய அளவாக அச்சாவதற்கு இந்த ஒரு காரணம் போதும். ஊதா மூடி ட்யூபை எட்டுப் பத்துத் தடவை மெள்ளக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அவசரத்தில் இரண்டு தடவையோடு ஸ்டாண்டில் செருகிவிட்டால் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாக உறைந்து, யந்திரம் தட்டணுக்களைக் குறைத்து எண்ணிவிடுகிறது. டெங்கு பரவுகின்ற மாதங்களில் இப்படிப் பொய்யாகக் குறைந்த ஓர் எண் ஒரு குடும்பத்தைப் படுத்துகிற பாடு எத்தகையது என்பதை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்கள் அறிவார்கள்.

ஆறே முக்காலுக்கு எடுத்த அந்த ரத்தம் இனிமேல்தான் பிரயாணம் புறப்படப்போகிறது. சாம்பிள் எடுத்துப்போகிற பையன் எடப்பாடிப் பக்கமும் கொங்கணாபுரம் பக்கமும் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறான். சேலத்தில் ஒப்படைக்கும்போது பத்தரையாகிறது. வரிசைப்படி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சீரம் பிரிக்கும்போது பதினொன்றாகிறது. இந்த நாலு மணி நேரமும் ட்யூபுக்குள் இருக்கின்ற ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. தங்கள் பசிக்கு அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறையும் என்பது நெடுநாளாகத் தெரிந்த உண்மை. சித்திரை வெயிலில் பைக்கின் பெட்டிக்குள் அது இன்னும் விரைந்து குறையும். புறப்படும்போது 180 ஆக இருந்த அளவு, யந்திரத்தை அடைகையில் 140க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். யந்திரம் காட்டிய எண்ணில் குற்றமில்லை. அது தன் முன் வைத்ததை அளந்து சொன்னது. ஆனால் அந்த அம்மாளின் உடம்பில் ஓடிய ரத்தத்தைப் பற்றிய செய்தி அதுவன்று. சாம்பல் மூடி ட்யூபில் உள்ள ஃப்ளோரைடு இதைத் தடுக்கும் என்பது மெய்யே எனினும், அது முழுப் பலன் கொடுக்கவும் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். சரி, ஐஸ் வைத்து அனுப்பினால் என்ன என்று கேட்டால், பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் சர்க்கரை காப்பாற்றப்படும், பொட்டாசியம் அணுவுக்குள்ளிருந்து கசிந்து ஏறிவிடும். ஒரு பரிசோதனைக்குப் பரிகாரமாவது மற்றொரு பரிசோதனைக்குக் கேடாக முடிகிறது. இறுதியில் சேலத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த முடிவை, கொடுத்தனுப்பிய லேபில் தங்கள் பெயர் அச்சிட்ட தாளில் மறுபடியும் டைப் செய்து கொடுக்கிறார்கள், 1.2 என்பது 2.1 ஆவதற்கு அந்த இடத்தில் ஒரு கணம் போதும்.

இந்த வழியில் நிற்கின்ற எவரையேனும் தனியே கூப்பிட்டுக் கேட்டால், தம்முடைய காரியத்தைச் சரியாகவே செய்ததாகச் சொல்லுவார். அவர் சொல்லுவதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ரத்தம் எடுத்தவர் எடுத்துவிட்டார், பையன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான், யந்திரம் அளந்துவிட்டது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகின்ற இடங்களிலும், ஒருவரும் தொடாமல் சாம்பிள் சும்மா நிற்கின்ற வேளைகளிலும்தான் கெடுதல் நுழைகிறது. அந்த இடங்களும் வேளைகளும் ஒருவருடைய பொறுப்பிலும் அடங்காதவையாதலால் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அவற்றைக் கண்ணில் படச் செய்வதற்காக ஏற்பட்டதே, துறையினர் ‘ப்ராசஸ் மேப்பிங்’ என்று வழங்குகின்ற செயல்வழிப் படம்.

இந்த வித்தை மருத்துவத்தில் பிறந்ததன்று. செங்கல் அடுக்குகிற கொத்தனாரின் கை அசைவுகளை ஆராய்ந்து புகழ்பெற்ற பிராங்க் கில்பிரெத்தும், அவருடைய மனைவியார் லில்லியனும், ஒரு காரியத்தின் படிகளையெல்லாம் சிறு சிறு குறிகளால் ஒரே தாளில் எழுதிக் காட்டும் முறையை 1921இல் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார்கள். பின்னாளில் அக்குறிகள் ஐந்தாக ஒழுங்குபட்டன: வேலை நடந்தால் வட்டம், ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போனால் அம்பு, சரிபார்த்தால் சதுரம், காத்திருந்தால் அரைவட்டம், எடுத்து வைத்தால் முக்கோணம். தொழிற்சாலைகளில் வளர்ந்த இம்முறை மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, பரிசோதனை என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வி எழுந்தது. அது மருத்துவரின் மனத்தில் எழும் ஒரு கேள்வியில் தொடங்கி, விடையாக அதே மனத்தைச் சென்றடையும்போதுதான் முடிகிறது என்று அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் லண்ட்பெர்க் 1981இல் எடுத்துரைத்தார். ஆய்வுக்கூடத் தரத்தைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட கைந்நூலும், நோயாளியிடம் தொடங்கி ரிப்போர்ட் வரையில் செல்லுகின்ற வேலைவழி முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றே போதிக்கிறது. ஏழ்மை மிகுந்த ஆப்பிரிக்க தேசங்களின் ஆய்வுக்கூடங்களை முன்னேற்றுவதற்கென்று 2009இல் ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலும், புதிய யந்திரங்களை வாங்கிக் குவிப்பதைவிட, இருக்கின்ற இடத்தையும் ஆட்களையும் ஒழுங்குபடுத்துவதற்கே முதலிடம் தரப்பட்டது.

நம் ஊரில் மூன்று நான்கு பேர் வேலை செய்கின்ற ஒரு லேப் இதை எப்படிச் செய்வது? ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதலாளி, டெக்னீசியன், வரவேற்பில் பில் போடுகிற பெண், சாம்பிள் எடுத்துப்போகிற பையன் ஆகிய எல்லோரும் ஒரு சார்ட் பேப்பரைச் சுற்றி உட்கார வேண்டும். நோயாளி படியேறுவதில் தொடங்கி, ரிப்போர்ட்டை மருத்துவர் பார்ப்பது வரையில் நிகழ்கின்ற ஒவ்வொன்றையும் வரிசையாக எழுத வேண்டும். எப்படி நடக்க வேண்டுமோ அப்படி எழுதாமல், எப்படி நடக்கிறதோ அப்படியே எழுதுவது முக்கியம். லேபிள் ஒட்டுவது ரத்தம் எடுத்த உடனேயா, ஐந்தாறு ட்யூப் சேர்ந்த பிறகா? பையன் வராத நாளில் சாம்பிள் எதில் போகிறது? அபாயமான அளவு வந்தால் யார் யாருக்குப் போன் செய்கிறார்கள், அந்தப் போனை எடுத்தவர் கேட்டதைத் திருப்பிச் சொன்னாரா? இவற்றுக்கெல்லாம் உண்மையான விடை முதலாளிக்குத் தெரியாது. பையனுக்கும் பில் போடுகிற பெண்ணுக்கும் தெரியும். ஆகையால் அவர்களே முதலில் பேச வேண்டும். அவர்கள் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடலாகாது.

எழுதி முடித்த பின், மறுநாள் காலையில் ஒருவர் கடிகாரத்தோடு ஒரே ஒரு ட்யூபைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை நிமிஷம் சென்றது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். காகிதத்தில் எழுதியது ஒன்றாகவும் காலையில் கண்டது வேறாகவும் இருக்கும்; அந்த வேற்றுமைதான் இம்முயற்சியின் முதல் லாபம். காத்திருக்கிற இடங்களையும் கை மாறுகிற இடங்களையும் சிவப்பு மையால் சுற்றி வைத்துவிட்டு, இந்தப் படி தேவைதானா, இரண்டு படிகளை ஒன்றாக்கலாமா, முன்பின்னாக மாற்றலாமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தால் பரிகாரம் தானே தெரியவரும். நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், அவர் கண்ணெதிரிலேயே பெயரையும் தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் பிறந்த ஆண்டையும் கேட்டு ட்யூபில் எழுதுவதற்குக் காசு வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு ஒரு தடவை வருகிற பையனை ஏழரைக்கும் ஒன்பதரைக்குமாக இரண்டு தடவை வரச் செய்வதற்குப் பெட்ரோல் செலவு மாத்திரமே. சிறிய சென்ட்ரிஃப்யூஜ் ஒன்றைச் சங்ககிரியிலேயே வைத்து, அரை மணி நேரம் உறையவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்தனுப்பினால், சர்க்கரை குறைவதும் பொட்டாசியம் ஏறுவதும் பெரும்பாலும் ஒருசேரத் தீர்ந்துபோகும். வந்த ரிப்போர்ட்டை மறுபடி டைப் செய்யாமல் வந்தபடியே கொடுத்தால் எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. மாறுதல் செய்த ஒரு மாதம் கழித்து, லேபிள் இல்லாமல் வந்த ட்யூப் எத்தனை, சிவப்பணு உடைந்து திருப்பியனுப்பப்பட்டது எத்தனை, எடுத்ததிலிருந்து பிரிக்கும் வரை சென்ற நேரம் எவ்வளவு என்ற மூன்று கணக்குகளைப் பார்த்தால், செய்தது பலித்ததா இல்லையா என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

சங்ககிரிக்காரர்களுக்கு இது அந்நியமான வித்தையும் அன்று. இவ்வூர் லாரி ஆபீஸ்களில் ஒரு லோடு ஏற்றினால் எல்.ஆர். என்ற லாரி ரசீது போட்டு, ஏற்றிய நேரமும் எடையும் எழுதி, இறக்குகிற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாலொழிய வாடகை கைக்கு வராது. சரக்கு எங்கே எவர் பொறுப்பில் இருந்தது என்பதற்கு எந்நேரமும் பிரமாணம் உண்டு. சிமெண்டு மூட்டைக்குக் காட்டுகின்ற இந்த ஜாக்கிரதையை, மனிதனுடைய ரத்தத்துக்கும் காட்ட வேண்டும் என்றே கேட்கிறேன்.

செயல்வழிப் படத்தின் மிகப் பெரிய நன்மை, அது குற்றத்தை ஆளின் தலையிலிருந்து இறக்கி, வழியின் மேல் வைத்துப் பார்க்கச் செய்வதே. நம் லேப்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர், அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்து, டிப்ளமா படித்துவிட்டுச் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கின்ற இளம் பெண்கள். ஒரு தவறு வெளிப்பட்டால் அவர்களில் ஒருத்தியைத் திட்டுவதும் வேலையை விட்டு நிறுத்துவதும் எளிது. அதன் பலன் என்னவென்றால், அடுத்து வருகிறவள் தவறு நேர்ந்தால் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். தவறை உண்டாக்கிய வழி முன்னிருந்தபடியே இருக்கிறது. அதே தவறு மூன்றாம் மாதம் வேறொருத்தி கையால் நேர்கிறது. முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒரே பெண் பில் போட்டு, ரத்தமும் எடுத்து, லேபிளும் எழுதுகிறாள் என்பதைப் படம் தெளிவாகக் காட்டினால், திட்டுவதற்குப் பதிலாக ஏழு மணி முதல் எட்டரை மணி வரை இன்னோர் ஆள் வைப்பதே நியாயம் என்பதை முதலாளியே உணர்வார். நீதியும் தரமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

யந்திரங்களை முறையாகச் சோதித்து வருகிறோம், அது போதாதா என்று சிலர் கேட்கலாம். அந்தச் சோதனை மிகவும் அவசியமானது. அதைக் குறைத்துச் சொல்லுவது என் கருத்தன்று. அளவு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைத் தினந்தோறும் ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்கும் வழக்கத்தை லெவி, ஜென்னிங்ஸ் என்பவர்கள் 1950இல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தன் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகப் பல பத்தாண்டுகளாக நாடெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே மாதிரியான சாம்பிளை அனுப்பி, வருகின்ற விடைகளை ஒப்பிட்டுச் சொல்லிவரும் தொண்டு, இந்தியாவில் பரிசோதனைத் தரத்துக்கு அஸ்திவாரமிட்ட தொண்டுகளில் ஒன்று. ஆனால் வேலூரிலிருந்து வருகின்ற அந்தச் சாம்பிள் கெடாதபடி பதப்படுத்தப்பட்டு, தெளிவான லேபிளோடு, நேரே யந்திரத்தின் வாயிலுக்கு வந்து சேருகிறது. அது வரிசையில் நின்ற செல்லம்மாளின் கையிலிருந்து எடுத்ததன்று. ஒன்பது மணிப் பைக்கில் வெயிலில் வந்ததன்று. ஆகையால், அதில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஓர் ஆய்வுக்கூடம், அதே நாளில் நோயாளிகளுக்குப் பிழையான எண்களைக் கொடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். யந்திரத்துக்கு ஒரு காவல் இருக்கிறது. வழிக்கும் ஒரு காவல் வேண்டும்.

அரசாங்க ஆய்வுக்கூடங்களைப் பொறுத்தவரை இது புதிய கோரிக்கையும் அன்று. மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்ட தேசியத் தர உறுதி நியமங்கள், பொது மருத்துவமனை ஒவ்வொன்றும் தன் முக்கியமான செயல்முறைகளை வரைபடமாக எழுதி, வீண் வேலையையும் விரயத்தையும் குறைக்க வேண்டும் என்று தர மேலாண்மைப் பகுதியில் விதித்திருக்கின்றன. தமிழகத்தில் பல அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இந்நியமங்களின்படி தரப்படும் சான்றிதழைப் பெற்றிருப்பது பாராட்டத்தக்கது. சான்றிதழ் வாங்குகிற வருஷத்தில் எழுதி ஃபைலில் வைத்த படம், அடுத்த வருஷமும் சுவரில் தொங்கி, டெக்னீசியனின் பேனாவால் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த விதிக்கு உயிர் உண்டு. காசநோய்க்காகச் சளி கொடுக்க வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் டப்பாவைக் கொடுத்து, சளி கொண்டுவா என்று மாத்திரம் சொன்னால் அவர் எச்சிலைக் கொண்டுவந்து கொடுப்பார். எச்சிலில் கிருமியைத் தேடினால் நோய் இல்லை என்றே முடிவு வரும். அவரோ வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருப்பார். மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் கொண்டுவர வேண்டும் என்று செய்து காட்டுகின்ற இரண்டு நிமிஷம் செயல்வழிப் படத்தில் ஒரு தனிக் கட்டமாக எழுதப்பட்டு, அதற்கு எதிரே ஒருவர் பெயர் இருந்தாலொழிய, கூட்டம் மிகுந்த நாளில் முதலில் கைவிடப்படுவது அந்த இரண்டு நிமிஷமாகவே இருக்கும்.

எங்களுக்கு நேரமில்லை, ஆளில்லை, இதெல்லாம் பெரிய ஊர் லேப்களுக்கு உரியது என்று சிறிய லேப் நடத்துகிறவர்கள் சொல்லுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகையும் கெமிக்கல் விலையும் ஏறுகின்றன. பெரிய கம்பெனிகளின் போட்டி நெருக்குகிறது. ஆனால் நேரம் இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் படம் அதிகம் உபயோகப்படும். பெயர் மாறிப்போன சாம்பிளுக்காக நோயாளியைத் திரும்ப வரவழைப்பதிலும், உடைந்த ரத்தத்துக்குப் பதில் மறுபடி எடுப்பதிலும், ரிப்போர்ட் எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுவதிலும் தினந்தோறும் செல்லுகின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஒரு மணி நேரம் அற்பமாகத் தோன்றும். சிறிய லேபுக்கு ஓர் அனுகூலமும் உண்டு: பெரிய மருத்துவமனையில் ஐந்து துறைகளின் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய மாறுதலை, இங்கே நான்கு பேர் டீ குடிக்கும் நேரத்தில் பேசி, மறுநாள் காலையிலேயே செய்துவிடலாம். எல்லா லேப்களும் ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேச நியமத்தின்படி அங்கீகாரம் பெறுவது உடனே ஆகக்கூடிய காரியம் அன்று. அதை உணர்ந்துதான் தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல், சிறு ஆய்வுக்கூடங்கள் முதற்படியில் கால் வைப்பதற்கென்று 2019இல் ஓர் எளிய திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் படியில் ஏற விரும்புகிறவர்களுக்கும் வழியை எழுதிப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை சில உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997இல் சட்டம் இயற்றி, 2018இல் விதிகள் வகுத்த தமிழக அரசு, லைசென்சு புதுப்பிக்கும்போது இடத்தின் அளவையும் யந்திரங்களின் பட்டியலையும் கேட்பதோடு நில்லாமல், சாம்பிள் எடுக்கும் மையம் ஒவ்வொன்றும் தன் செயல்வழிப் படத்தையும், ரத்தம் எடுத்ததிலிருந்து பிரிக்கும் வரை ஆகின்ற நேரத்தையும் எழுதிக் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். வெளியூரிலிருந்து சாம்பிள் வாங்கிப் பரிசோதிக்கின்ற பெரிய ஆய்வுக்கூடங்கள், ரத்தம் எடுத்த நேரத்தையும் தங்களிடம் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மெய்யாகவே அச்சிட வேண்டும் என்பதையும் விதியாக்கலாம். அவ்விரு நேரங்களுக்கும் இடையே நாலு மணி வித்தியாசம் கண்டால், சர்க்கரை அளவை எவ்வளவு நம்புவது என்று மருத்துவரே தீர்மானித்துக்கொள்வார். டெக்னீசியன் படிப்பில் யந்திரத்தை இயக்கக் கற்பிப்பது போலவே, வழியை வரையவும் கற்பிக்க வேண்டும். சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி, குமாரபாளையம் ஆகிய ஊர்களின் லேப் நடத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடி, தத்தம் படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக் குறைகளைப் பேசிக்கொள்வார்களானால், எந்த இன்ஸ்பெக்டரும் செய்ய முடியாத நன்மையை அவர்களே இந்த வட்டாரத்துக்குச் செய்தவர்களாவார்கள்.

மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இவ்வழியில் பங்கு உண்டு. மருத்துவர் சீட்டில் முழுப்பெயரும் வயதும், நோயாளி உட்கொள்ளுகின்ற மருந்தும் எழுத வேண்டும். எண்ணும் ஆளும் பொருந்தவில்லை என்று பட்டால், மாத்திரையை மாற்றும் முன் லேபுக்குப் போன் செய்து எப்போது எடுத்த ரத்தம் என்று கேட்க வேண்டும். இரவு மூன்று மணிக்குத் தொப்பூரிலோ கிருஷ்ணகிரியிலோ வண்டியை நிறுத்திச் சர்க்கரை போட்ட டீ குடித்துவிட்டு, ஆறரை மணிக்கு வெறும் வயிறு என்று கையை நீட்டுகிற டிரைவர் அண்ணன், உண்மையைச் சொல்லுவதனால் தமக்கே உபகாரம் செய்துகொள்கிறார். லேபில் இருப்பவர்களும் ‘சாப்பிட்டீர்களா’ என்று மாத்திரம் கேட்காமல், டீ, காபி, பீடி, வெற்றிலை என்று பெயர் சொல்லிக் கேட்பது நலம்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், உங்கள் பெயர் ட்யூபில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்த ரத்தம் எங்கே போகிறது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல லேப் அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளாது. விடை தெரியாத லேப், விடையைத் தேடத் தொடங்கும்.